‘இல்லை’ என்னும் அறிவு

ஒரு பொருள் ஓரிடத்தில் உண்டு என்று அறிவது எப்படி என்பதைக் காட்டிலும், அது அங்கே இல்லை என்று அறிவது எப்படி என்ற வினாவே இந்திய அளவையியலாரை நெடுங்காலம் அலைக்கழித்தது. அளவை என்பது மெய்யறிவு வந்துசேரும் வாயில். வடமொழியார் அதனைப் பிரமாணம் என்பர். வெறுந்தரையைப் பார்த்து ‘இங்கே குடம் இல்லை’ என்று ஒருவர் துணியும்போது, அத்துணிவு எவ்வாயிலால் பிறந்தது? குடத்தின் இன்மையும் கண்ணாலேயே காணப்படுகிறது என்றனர் நியாய நூலார். இல்லாத ஒன்றைக் கண் பற்ற இயலாதாகையால் இன்மையை அறியத் தனி அளவை வேண்டும் என்றார் 7-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மீமாம்சை ஆசிரியர் குமாரில பட்டர். காணாமையை ஏதுவாகக் கொண்டு செய்யும் அனுமானமே அது என்றார் பௌத்தரான தருமகீர்த்தி. 13-ஆம் நூற்றாண்டில் சிவஞான சித்தியாரை இயற்றிய அருணந்தி சிவாசாரியார், அபாவம் எனப்படும் இவ்வின்மை அளவையையும் பிறவற்றையும் காண்டல், அனுமானமாகிய கருதல், நம்பத்தக்கவர் சொல்லாகிய உரை என்னும் மூன்றனுள் அடக்கினார். குமாரிலர் வழியினரும் தருமகீர்த்தி வழியினரும் மற்றெல்லாவற்றிலும் பிணங்கினாலும் ஒரு நிபந்தனையில் ஒத்துப்போயினர். வெறும் காணாமை இன்மைக்குச் சான்றாகாது. இருந்திருந்தால் கட்டாயம் காணப்பட்டிருக்கும் என்று சொல்லத்தக்க நிலையில் காணப்படாமற்போவதே சான்றாகும். இருட்டறையில் குடம் தென்படவில்லை என்பதைக் கொண்டு குடம் இல்லை என்று யாரும் துணிவதில்லை. இவ்வாறு காணப்படுவதற்குரிய தகுதியை அந்நூலார் யோக்கியதை என்றனர்.

குடத்தையும் தரையையும் வைத்து ஏடுகளில் நிகழ்ந்த இந்த வாதம், மார்பகப் படங்களை வாசிக்கும் கதிரியல் மருத்துவரின் மங்கலான அறையில் இன்று அன்றாட வேலையாகியிருக்கிறது. மேமோகிராம் என்பது மார்பகத்தை இரு தட்டுகளுக்கிடையே அழுத்திக் குறைந்த ஆற்றலுள்ள எக்ஸ்ரேயால் எடுக்கும் படம். நோய்க்குறி ஏதுமில்லாத பெண்களுக்குக் குறித்த கால இடைவெளியில் எடுக்கப்படும் இப்படங்களில், அமெரிக்க நிலவரப்படி, ஆயிரத்துக்கு ஏறக்குறைய 5 பேரிடமே புற்றுநோய் கண்டறியப்படுகிறது. ஆகவே அங்கே மருத்துவர் நாள் முழுதும் செய்வதில் பெரும்பகுதி நோயைக் கண்டுபிடிப்பதன்று, நோய் இல்லை என்று எழுதிக் கையெழுத்திடுவதே ஆகும். மார்பகப் படவியலில் அளிக்கப்படும் ஃபெலோஷிப் என்னும் சிறப்பு மேற்பயிற்சியை, இந்த ‘இல்லை’யைச் சொல்லும் உரிமைக்கான பயிற்சியாகக் கொண்டால்தான் அதன் இயல்பு முழுமையாக விளங்கும்.

அமெரிக்காவில் மருத்துவப் பட்டத்துக்குப் பின் ஓராண்டு பொதுப் பயிற்சி, நான்காண்டு கதிரியல் ரெசிடென்சி, அதற்கும் மேல் ஓராண்டு ஃபெலோஷிப் என்று படிகள் அமைந்துள்ளன. இவற்றுள் கடைசிப் படியைச் சட்டம் வேண்டுவதில்லை. மேமோகிராம் தரத்துக்கென 1992-இல் இயற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டத்தின் விதிகள், 60 மணி நேரக் கல்வியும், மேற்பார்வையின் கீழ் 240 படத்தொகுதிகளை வாசித்த பழக்கமும், அதன்பின் 24 மாதங்களுக்கு 960 என்ற அளவில் தொடர்பழக்கமும் இருத்தல் வேண்டும் என்கின்றன. பிரிட்டனின் தேசியத் திட்டத்திலோ ஒரு வாசிப்பாளர் ஆண்டுக்கு 5000 பேரின் படங்களையாவது வாசிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. ஒருவர் படத்தை இருவர் வாசிப்பதும் அங்கே வழக்கம். எத்தனை முறை கண்டால் கண் தகுதி பெறும் என்பதற்கு இரு நாடுகள் இவ்வளவு விலகிய விடைகளை அளிப்பதே, அது எண்ணிக்கையால் மட்டும் தீரும் வினா அன்று என்பதற்குப் போதிய சான்று. சட்டம் கேட்காத ஓராண்டை, ஊதியக் குறைவையும் பொறுத்துக்கொண்டு இளம் மருத்துவர்கள் கொடுப்பதற்குக் காரணம் வேறிடத்தில் இருக்கிறது.

மார்பகம் ஒன்றுக்கு மேலிருந்து கீழாக ஒன்றும் பக்கவாட்டில் சாய்வாக ஒன்றுமாக இரண்டு படங்கள் எடுக்கப்படுகின்றன. பயிற்சி மருத்துவர் வலத்தையும் இடத்தையும் முதுகோடு முதுகு சேர்த்து நிறுத்தி, இரண்டுக்கும் இடையே ஒவ்வாமை உண்டா என்று பார்க்கிறார். பிறகு அதே பெண்ணின் முந்தைய ஆண்டுப் படங்களை அருகில் வைத்து, அப்போது இல்லாத ஏதேனும் இப்போது தோன்றியுள்ளதா என்று ஒப்பிடுகிறார். அதன்பின் படத்தைப் பெரிதாக்கி, அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த கால்சியம் துகள்களைத் தேடுகிறார். உருண்டையாக, ஒரே சீராக, இருபுறமும் பரவிக் கிடக்கும் துகள்கள் பெரும்பாலும் தீங்கற்றவை. மெல்லிய கோடுகளாகக் கிளைத்துச் செல்லும் துகள்களோ, பால்நாளத்துக்குள் மடிந்த புற்றணுக்களின் எச்சம் அந்நாளத்தின் வடிவத்தையே எடுத்துக்கொண்டதைக் காட்டக்கூடியவை. எல்லாவற்றினும் கடினமானது திசு அமைப்பின் திரிபு எனப்படும் குறி. அதில் கட்டி என்று சுட்டிக்காட்ட ஒரு பொருளே இராது. திசுவின் இழைகள் காரணமின்றி ஒரு புள்ளியை நோக்கி இழுபட்டிருக்கும், அவ்வளவே. காண்டலும் கருதலும் பிரித்தறிய முடியாதபடி ஒன்றாகிவிடும் இடம் இது. இரண்டும் தனித்தனி வாயில்கள் என்ற பாகுபாடு இங்கே சற்று ஆட்டம் காண்கிறது என்றே சொல்ல வேண்டும்.

கண்டதை எழுதுவதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. அமெரிக்கக் கதிரியல் கல்லூரி 1993-இல் முதலில் வெளியிட்ட பை-ராட்ஸ் என்னும் வகைப்பாடு, ஐயத்தையே படிப்படியாக அளந்து தருகிறது. மூன்றாம் வகையில் புற்றுக்கு இடம் 2 விழுக்காட்டுக்கு மேற்படாது. ஐந்தாம் வகையில் அது 95 விழுக்காட்டுக்குக் குறையாது. இடைப்பட்ட நான்காம் வகை மேலும் மூன்றாகப் பகுக்கப்பட்டுள்ளது. பழைய தருக்க நூல்கள் ஐயத்தைப் போலி அறிவுகளுள் ஒன்றாகத் தள்ளிவைத்தன. இங்கே அது அளவிடப்பட்டு, செயலுக்கு அடிப்படையான அறிவாக ஏற்கப்பட்டுவிட்டது.

மணிமேகலை என்னும் காப்பியத்தில், வஞ்சி மாநகரில் சமயவாதிகளின் கொள்கைகளைக் கேட்டுவரும் மணிமேகலைக்கு அளவைவாதி அளவைகள் பத்தையும் போலி அளவைகள் எட்டையும் விளக்குகிறான். சிப்பியை வெள்ளியென்று கொள்ளும் திரியக் கோடல் அவ்வெட்டனுள் ஒன்று. மேமோகிராமில் இயல்பான திசுக்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கட்டிபோலத் தோன்றுவது இவ்வகையே. அமெரிக்காவில் 2011-இல் ஒப்புதல் பெற்ற டோமோசிந்தசிஸ், மார்பகத்தை மெல்லிய அடுக்குகளாகப் பிரித்துக் காட்டி இவ்வகை மயக்கத்தைப் பெரிதும் குறைத்தது. ஆனால் அவ்வெட்டனுள் மற்றொன்றான கண்டுணராமையைக் கருவி எதுவும் தீர்த்துவைக்கவில்லை. புலி நெருங்குவதைக் கண்டும் அறியாதிருத்தலைக் காப்பியம் அதற்கு எடுத்துக்காட்டாக்குகிறது. டிராஃப்டன் டிரூவும் அவர்தம் குழுவினரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், நுரையீரல் சி.டி. படங்களில் கட்டியைத் தேடிய 24 கதிரியலாளர்களுக்குத் தெரியாமல் ஒரு கொரில்லாவின் உருவம் அப்படத்தில் சேர்க்கப்பட்டிருந்தது. அவர்களுள் 20 பேர் அதனைக் காணவில்லை. அவ்வாறு காணாதவர்களுள் பெரும்பாலோரின் பார்வை அவ்வுருவத்தின் மீதே விழுந்து கடந்ததைக் கண்ணசைவுக் கருவி பதிவுசெய்திருந்தது. கட்டியைத் தேடப் பழகிய கண்ணே கட்டியல்லாததைக் கண்டுணராத கண்ணாகவும் ஆகிறது என்பதால், பயிற்சி என்பது நோக்கைக் கூர்மையாக்குவதோடு நோக்கைக் குறுக்கவும் செய்கிறது.

இதற்கு நேர்மாறான உண்மையும் உண்டு. கார்லா எவன்ஸ், ஜெரமி வுல்ஃப் முதலியோர் 2016-இல் வெளியிட்ட ஆய்வின்படி, தேர்ந்த வாசிப்பாளர் மேமோகிராமை அரை நொடி மட்டுமே பார்த்தாலும், சில வேளைகளில் நோய் இல்லாத மறுபக்க மார்பகத்தின் படத்தை மட்டுமே பார்த்தாலும்கூட, அப்பெண்ணுக்குப் புற்று இருக்கக்கூடும் என்பதைத் தற்செயலைக் காட்டிலும் மேலான அளவில் உணர்கிறார். எங்கே என்று மட்டும் அவரால் காட்ட இயலுவதில்லை. பெயரும் இனமும் சுட்டப்படாமல் முதலில் தோன்றும் வெறுங்காட்சியை நிருவிகற்பக் காட்சி என்று சைவ சித்தாந்திகளும் நியாய நூலாரும் வகுத்தனர். அப்படியொரு காட்சி உண்மையில் உண்டா என்று ஐயுற்றவர்களுக்கு இந்த அரை நொடி ஒரு மறுமொழியாகலாம். முழுச் சான்று என்று கொள்வது மிகையாகும்.

இனி யோக்கியதைக்கு வருவோமாயின், அதனை முதன்மையாகச் சோதிப்பது மார்பகத்தின் அடர்த்தியே. கொழுப்புத் திசு படத்தில் கருமையாகவும், சுரப்பியும் நாரும் வெண்மையாகவும் தெரிகின்றன. புற்றும் வெண்மையே. அடர்ந்த மார்பகத்தில் புற்று காணப்படாமை, இருட்டறையில் குடம் காணப்படாமையோடு ஒத்த நிலையில் உள்ளது. அமெரிக்காவில் 40 வயதைக் கடந்த பெண்களுள் ஏறக்குறைய பாதிப் பேர் இவ்வகையினர். 2024 செப்டம்பர் 10 முதல், அடர்த்தியைப் பற்றிய செய்தியை ஒவ்வொரு பெண்ணுக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்ற விதி அந்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. ‘இல்லை’ என்று சொல்பவர், அந்த ‘இல்லை’ எவ்வளவு தகுதியுடையது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று ஒரு நாட்டின் சட்டமே பணித்திருப்பது அளவையியல் வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. அந்நிலையில் அல்ட்ராசவுண்டுக்கோ எம்.ஆர்.ஐ.க்கோ செல்வது எப்போது என்று தீர்மானிக்கும் பழக்கம், படிக்கும் பழக்கத்தைப் போலவே ஃபெலோஷிப்பின் இன்றியமையாத பகுதியாகும்.

உரை அளவையும் இப்பயிற்சியில் சோதனைக்கு உள்ளாகிறது. ஐயத்துக்குரிய இடத்திலிருந்து மருத்துவரே ஊசியால் திசுவை எடுக்கிறார். கால்சியம் துகள்களுக்காக எடுத்த பயாப்சியாயின், எடுத்த திசுத் துண்டுகளையே எக்ஸ்ரேயில் வைத்துத் துகள்கள் உள்ளே வந்துள்ளனவா என்று உறுதிசெய்கிறார். சில நாட்களில் நோயியல் மருத்துவரின் அறிக்கை ‘புற்று இல்லை’ என்று வருகிறது. பயிலாதவர் அங்கே நிறைவடைவார். பயின்றவரோ, தாம் ஐந்தாம் வகையில் எழுதிய படமும் இந்த அறிக்கையும் பொருந்துகின்றனவா என்று கேட்கிறார். பொருந்தாவிடில், நுண்ணோக்கி சரியாகச் சொன்னது என்றும் ஊசிதான் இடம் தவறியது என்றும் முடிவுசெய்து, மீண்டும் திசுவெடுக்கவோ அறுவை செய்யவோ பரிந்துரைக்கிறார். நம்பத்தக்கவரின் உரையைக் கூட அது எந்தப் பொருளைப் பற்றியது என்று வினவாமல் ஏற்கலாகாது என்பதே இதன் கருத்து. கணினியின் உரை இதனினும் நுட்பமான சிக்கல். 27 கதிரியலாளர்களைக் கொண்டு 2023-இல் வெளியான ஆய்வொன்றில், செயற்கை நுண்ணறிவு வேண்டுமென்றே தவறான வகையைச் சுட்டியபோது அனுபவம் மிக்கோரின் தீர்ப்பும் பிறழ்ந்தது. அனுபவம் குறைந்தோரின் தீர்ப்பு இன்னும் அதிகமாகப் பிறழ்ந்தது.

இப்பயிற்சியின் ஆழ்ந்த இடர் அதன் கால அளவிலேயே உள்ளது. ‘இல்லை’ என்று கூறப்பட்ட நாளிலிருந்து ஓராண்டுக்குள் புற்று வெளிப்பட்டால் அத்தீர்ப்பு தவறியதாகத் தணிக்கையில் கணக்கிடப்படுகிறது, ஃபெலோஷிப்பும் ஓராண்டே. பயிற்சியாளர் அவ்வாண்டில் எழுதிய ‘இல்லை’களுள் பெரும்பாலானவற்றின் மெய்பொய் முழுமையாகத் தெரியவருவதற்கு முன்பே அவர் வேறொரு மருத்துவமனைக்குப் போய்விடுகிறார். அதனால் ஆசிரியர்கள் பிறருடைய பழைய படங்களை எடுத்து, பின்னாளில் புற்று கண்ட இடத்தை முந்தைய ஆண்டுப் படத்தில் காட்டுகின்றனர். விடை தெரிந்தபின் அவ்விடம் பளிச்சென்று தெரியும். அது அன்றும் காணத்தக்கதாக இருந்ததா என்பதைத் தீர்க்க, விளைவறியாத வாசிப்பாளர்களிடம் அப்படத்தை இயல்பான படங்கள் பலவற்றோடு கலந்து கொடுத்துப் பார்ப்பதும் உண்டு. சிலர் அதைச் சுட்டுவர், சிலர் கடந்துவிடுவர். ‘இருந்திருந்தால் காணப்பட்டிருக்கும்’ என்ற பழைய நிபந்தனை யாருடைய கண்ணைக் கருதிக் கூறப்பட்டது என்று அப்போது கேட்க நேர்கிறது. அனைவருக்கும் புலப்படும் குடத்தை எடுத்துக்காட்டாகக் கொண்ட நூலாருக்கு, தேர்ந்தவர்களே இரண்டாகப் பிரியும் ஒரு வெண்புள்ளியைப் பற்றி அவ்வினாவை எழுப்ப வேண்டிய தேவை நேரவில்லை.