உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம்

பொதுக்காலம் 23ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு
சாலமோனின் ஞானம் 9:13-18; பிலமோன் 9-10, 12-17; லூக்கா 14:25-33



நம் கடற்கரைச் சாலையில் நடந்து போனால் பாதியில் நின்றுபோன வீடுகளைப் பார்க்கிறோம். தளம் போட்டாயிற்று. மாடிக்கென்று விட்ட கம்பிகள் உப்புக்காற்றில் துருவேறி நிற்கின்றன. ஜன்னல் வைக்க வேண்டிய இடத்தில் தார்ப்பாய் கட்டியிருக்கிறது. மகன் வளைகுடாவிலிருந்து பணம் அனுப்பிய நாளில் தொடங்கிய வீடு அது. வேலை போய் மகன் ஊர் திரும்பினான். கட்டடம் அன்று நின்ற இடத்திலேயே நிற்கிறது.

இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் சொல்லும் கோபுரம் இதுதான். கோபுரம் கட்ட நினைப்பவர், முடிக்கிற அளவுக்குக் கையில் பொருள் இருக்கிறதா என்று முதலில் உட்கார்ந்து பார்க்க மாட்டாரா என்று அவர் கேட்கிறார். தம்மைப் பின்பற்றுவதற்கு ஆகும் விலையைப் பற்றித்தான் ஆண்டவர் இதைச் சொன்னார். ஆனால் அந்தப் பெரிய காரியத்தை விளக்க அவர் கையில் எடுத்தது ஒரு வீட்டுக்கணக்கு. அவர் நாசரேத்தில் தச்சர் வீட்டில் வளர்ந்தவர். மரத்துக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு என்ற பேச்சு அவர் காதில் விழாமல் இருந்திருக்குமா? நம் அடுப்படிக் கணக்கை அவர் அற்பமாக எண்ணவில்லை.

கோபுரம் கட்டுபவரும் உட்காருகிறார், போருக்குப் போகும் அரசரும் உட்காருகிறார். அந்தச் சிறு சொல்லை ஆண்டவர் இரண்டு முறை சொல்கிறார். நாமோ பணத்தைப் பற்றி எப்போதும் நின்றுகொண்டே பேசுகிறோம். ஏலம் முடிந்த கரையில், பள்ளிக் கட்டணம் கட்டும் வரிசையில், மருத்துவமனை வாசலில், வாரத்தவணை வாங்க வந்தவர் முன்னால் நின்றுகொண்டு பேசுகிறோம். நின்றுகொண்டு எடுக்கும் முடிவு அவசர முடிவு. அதன் பாரத்தைப் பல ஆண்டுகள் சுமக்கிறோம்.

கடல் நமக்கு மாதச் சம்பளம் தருவதில்லை. சாளையும் கணவாயும் அள்ளித் தரும் மாதங்கள் உண்டு. வலை வெறுமையாக வரும் மாதங்களும் உண்டு. நம் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அதே மாதங்களில் கடல் கொந்தளிப்பதால் வள்ளங்களும் பல நாள் கரையிலேயே கிடக்கும். அதே ஜூனில் பள்ளிக்கூடமும் திறக்கிறது. இது திடீரென்று வரும் துன்பமா? ஒவ்வோர் ஆண்டும் தேதி சொல்லிவிட்டு வருகிறது. இருந்தும், ஒவ்வோர் ஆண்டும் மே மாதக் கடைசியில் எத்தனை வீடுகளில் கழுத்துச் சங்கிலி அடகுக்குப் போகிறது!

தொடக்க நூலின் 41ஆம் அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். ஏழு ஆண்டு செழிப்பு, அதன்பின் ஏழு ஆண்டு பஞ்சம் என்று யோசேப்பு பார்வோனின் கனவுக்குப் பொருள் சொன்னார். அதோடு நிற்கவில்லை. செழிப்பான ஆண்டுகளில் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்து வைக்கச் சொன்னார். பஞ்சத்தைத் தடுக்க அவரால் முடியவில்லை. பஞ்சத்தில் மக்கள் சாகாமல் காக்க முடிந்தது. நமக்கும் அதே வழிதான். கையில் 1,000 ரூபாய் வரும் நாளில் 200 எடுத்து வைப்போம். முடியாவிட்டால் 100, அதுவும் முடியாவிட்டால் 50. அஞ்சலகத் தொடர் வைப்பில் மாதம் 100 ரூபாயிலேயே கணக்குத் தொடங்கலாம். மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் நாம் 1,500 ரூபாய் சேர்த்தால், அரசுகள் 3,000 சேர்த்து 4,500 ரூபாயாக மீன் குறைந்த மாதங்களில் தருகின்றன. இதில் இன்னும் பெயர் கொடுக்காத வீடு நம் பங்கில் இருக்கக் கூடாது.

மீன் விற்கும் ஒரு பாட்டியை வீடு சந்திப்பின்போது பார்த்தேன். எழுதப் படிக்கத் தெரியாதவர். மீன் கடவத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். இடுப்பிலிருந்து மூன்று சுருக்குப்பைகளை எடுத்தார். ஈரம் பட்ட நோட்டுகளை ஒவ்வொன்றாக விரித்து, தொடையில் வைத்து நீவி, மூன்றிலும் பிரித்துப் போட்டார். நான் கேட்டதற்கு முதல் பையைத் தொட்டுக் காட்டினார்: "சாமி, இது நாளைக்கு மீன் எடுக்கிற முதல். வயிறு எரிஞ்சாலும் இதத் தொடமாட்டேன்." இரண்டாவது, அன்றைய அரிசிக்கும் மருந்துக்கும். மூன்றாவது, மீன் கிடைக்காத நாளுக்கு. ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கையும் அந்த மூன்றாவது பையிலிருந்துதான் வருகிறது என்றார். சேமிப்பைப் பற்றி நான் படித்த எதுவும் அந்தத் திண்ணையில் கற்றதைவிடத் தெளிவாக இல்லை. முதலைத் தின்னாதே, இன்றைக்கு வேண்டியதை மறுக்காதே, நாளைக்கு ஒரு பங்கு வை. அவ்வளவுதான்.

கடனுக்கு வருவோம். அரசர்கள் இரண்டாம் நூலின் 4ஆம் அதிகாரத்தில் ஒரு கைம்பெண் எலிசாவிடம் அழுதுகொண்டு வருகிறார். கடன் கொடுத்தவன் அவருடைய இரண்டு மகன்களையும் அடிமைகளாகக் கொண்டுபோக வந்துவிட்டான். எண்ணெய் பெருகும் புதுமை நடந்தபின் எலிசா சொல்லும் வரிசையைக் கவனியுங்கள்: முதலில் எண்ணெயை விற்றுக் கடனை அடை, மீதியில் பிள்ளைகளோடு பிழைத்துக்கொள். புதுமை நடந்த வீட்டுக்கும் கணக்குத் தேவைப்பட்டது.

ஐந்து ரூபாய் வட்டி என்றால் காதுக்குச் சிறிதாகத்தான் படுகிறது. 50,000 ரூபாய்க்கு மாதம் 2,500. இருபது மாதத்தில் வாங்கிய தொகை முழுவதையும் வட்டியாகவே கட்டியிருப்போம். அசல் அப்படியே இருக்கும். அதே தொகைக்கு நகையை வங்கியில் வைத்தால் மாத வட்டி நூற்றுக்கு ஒரு ரூபாய்கூட ஆகாது. கந்துவட்டிக்கும் மீட்டர் வட்டிக்கும் எதிராகத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. மிரட்டப்படுகிறவர்கள் தனியாக அழ வேண்டாம். பங்கு இல்லத்துக்கு வாருங்கள், சேர்ந்து போவோம்.

இன்றைய இரண்டாம் வாசகத்துக்கு அடுத்த வரிகளில், பிலமோனின் அடிமை ஒனேசிம் ஏதாவது கடன்பட்டிருந்தால் அதைத் தம் கணக்கில் எழுதிக்கொள்ளும்படி பவுல் பிலமோனிடம் சொல்கிறார். தாமே கொடுத்துத் தீர்ப்பதாகத் தம் கைப்பட எழுதுகிறார். இதுதான் ஜாமீன். அன்பு அடுத்தவர் கடனைத் தன் தோளில் ஏற்கும். ஆனால் பவுல் தெரிந்தே ஏற்றார். அண்ணன் கேட்டான், கூட்டாளி கேட்டான் என்று கையெழுத்துப் போடுமுன், நாளை அந்தத் தொகையை நாமே கட்ட நேர்ந்தால் முடியுமா என்று உட்கார்ந்து பாருங்கள். முடியாதென்றால், முடியாது என்று அன்போடு சொல்லுங்கள். உறவு பிழைக்கும்.

வட்டியில் ஏழைகள் நொறுங்குவதைத் திருச்சபை பார்த்துக்கொண்டு சும்மா இருந்ததில்லை. 1462இல் இத்தாலியின் பெருஜியா நகரில் பிரான்சிஸ்கு சபைத் துறவிகளின் தூண்டுதலால், ஏழைகளுக்குக் குறைந்த வட்டியில் அடகுக்கடன் தரும் நிதியம் தொடங்கியது. நமக்குப் பக்கத்தில், திருவனந்தபுரம் கரையில் மரியநாடு மீனவர்கள் தங்கள் மீனைத் தாங்களே ஏலம் விடச் சங்கம் அமைத்தார்கள். விற்ற விலையிலேயே ஒரு பகுதி சேமிப்புக்கும் ஒரு பகுதி கடன் தீர்க்கவும் போனது. அந்த வழியில் வளர்ந்ததுதான் 1980இல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு. தனி வீட்டால் முடியாததை ஊர் சேர்ந்து செய்தது.

அன்பான தம்பதியரே, உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். பலிபீடத்தின் முன் இன்பத்திலும் துன்பத்திலும் என்று வாக்குக் கொடுத்தீர்கள். கடனும் அந்த வாக்குக்குள்தான் வருகிறது. ஆனால் பல வீடுகளில் கணவர் வாங்கிய கடன் மனைவிக்குத் தெரியாது. மனைவி எடுத்த குழுக்கடன் கணவருக்குத் தெரியாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் நம் கரையில் செய்ததை யாரும் மறக்கவில்லை. கடலுக்குப் போனவர் காணாமல் போனால், ஏழு ஆண்டுகள் தகவல் இல்லாதபோதுதான் இறந்தவராகச் சட்டம் பொதுவாகக் கொள்கிறது. அந்த நேரத்தில் எந்த வங்கியில் கணக்கு, யார் பெயரில் காப்பீடு என்று தெரியாமல் ஒரு பெண் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவது துயரத்தின் மேல் துயரம். பாஸ்புக், காப்பீட்டுத் தாள், நகைக்கடன் ரசீது எல்லாவற்றையும் இருவருக்கும் தெரிந்த ஒரே பையில் வையுங்கள். எல்லாக் கணக்கிலும் நியமனதாரர் (நாமினி) பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். வங்கிக் கணக்கு வழியாக ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்சத்துக்கு விபத்துக் காப்பீடும், 50 வயதுக்குள் சேர்ந்தால் 436 ரூபாயில் 2 லட்சத்துக்கு ஆயுள் காப்பீடும் கிடைக்கின்றன. ஒரு முதல் திருவிருந்துப் பந்தலின் செலவோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஆண்டவர் தம்மையே நமக்கு இலவசமாகத் தரும் நாளை வட்டிப்பணத்தில் கொண்டாட வேண்டாம்.

நற்செய்தியின் கடைசி வரி நம்மைக் குத்துகிறது. தம் உடைமையையெல்லாம் விட்டுவிடாத எவரும் தம் சீடராக முடியாது என்கிறார் ஆண்டவர். அப்படியானால் சேமிப்பு எதற்கு என்று கேட்கலாம். கடனில் மூழ்கியவரின் கையில் விட்டுவிடுவதற்கு என்ன இருக்கிறது? அவருடைய நாளைய வலையும் நாளைய உழைப்பும் ஏற்கெனவே வேறொருவருக்குச் சொந்தம். கணக்குப் பார்த்து வாழ்கிறவருடைய கை திறந்திருக்கும். பக்கத்து வீட்டில் அடுப்பு எரியாதபோது அந்தக் கைதான் நீளும். சேர்த்ததை இறுகப் பிடித்துக்கொண்டால் அது ஆண்டவரின் உவமையில் வரும் அறிவற்ற செல்வனின் களஞ்சியம். பகிர்ந்தால் அது யோசேப்பின் களஞ்சியம்.

எவ்வளவு கணக்குப் பார்த்தும் போதாத வீடுகள் நம்மிடையே இருப்பதை அறிவேன். அவர்களிடம் சிக்கனம் பேச எனக்கு வாய் வரவில்லை. அவர்களுடைய பற்றாக்குறை இந்தப் பங்கின் கணக்கில் எழுதப்பட வேண்டியது. அன்பியப் பொறுப்பாளர்களே, புனித வின்சென்ட் தே பவுல் சபையினரே, அந்த வீடுகளைத் தேடிப் போங்கள்.

மனிதரின் திட்டங்கள் தடுமாறக்கூடியவை என்று முதல் வாசகம் நினைவூட்டுகிறது. அதனால் ஞானம் கேட்டுத் தொடங்குவோம். இன்று இரவு செபமாலை முடிந்ததும் பாயை மடிக்காதீர்கள். கணவரும் மனைவியும் வளர்ந்த பிள்ளைகளும் அதே பாயில் உட்காருங்கள். சிலுவை அடையாளம் போட்டு, ஒரு பழைய நோட்டை எடுத்து மூன்று வரி எழுதுங்கள்: வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு, கொடுக்க வேண்டியது எவ்வளவு. எழுதும்போது ஒருவரையொருவர் குறை சொல்லாதீர்கள். எழுதி முடித்ததும் அந்த நோட்டைத் திருக்குடும்பப் படத்தின் கீழே வையுங்கள். அடுத்த ஞாயிறும் அதை எடுங்கள். ஆமென்.