செங்கோல் இரண்டு, நீதி ஒன்று

அதிகாரம் முழுவதும் ஒரே கையில் குவிந்தால் அக்கை கொடுமை செய்யத் துணியும் என்பது மாந்தர் நெடுங்காலமாய் அறிந்த உண்மை. ஆயின், அதிகாரத்தைப் பங்கிட்டுவிட்டால் மட்டும் நீதி நிலைத்துவிடுமா? இவ்வினாவுக்கு விடை தேடுவோர் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாற்றைக் கூர்ந்து நோக்குவது நலம் என்று கருதுகிறோம்.

பிரிட்டனின் ஆட்சியை உதறிய 13 மாநிலங்களும் 1781இல் நடைமுறைக்கு வந்த ஓர் உடன்படிக்கையால் தம்மைப் பிணைத்துக்கொண்டன. மன்னராட்சியில் பட்ட துன்பம் நெஞ்சைவிட்டு அகலாமையால், தங்கள் பொது அவைக்கு வரி விதிக்கும் உரிமையைக்கூட அவை வழங்கவில்லை. அவ்வவை மாநிலங்களிடம் பணம் கேட்கலாம். அவை கொடாவிடின் வாளாவிருக்க வேண்டியதுதான். போர்க் கடனைத் தீர்க்கவும் வழியின்றி அது தவித்தது. இக்குறையை நீக்கவே 1787இல் பிலடெல்பியா நகரில் பிரதிநிதிகள் கூடிப் புதிய அரசியல் சட்டத்தை வகுத்தனர்.

அதன்படி போர், அயல்நாட்டு உடன்படிக்கை, நாணயம், மாநிலங்களுக்கு இடையிலான வாணிகம் ஆகியவை மத்திய அரசின் பொறுப்பாயின. மத்திய அரசுக்குக் கொடுக்கப்படாதனவும் மாநிலங்களுக்கு மறுக்கப்படாதனவுமான அதிகாரங்கள் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியன என்று 1791இல் ஏற்கப்பெற்ற பத்தாம் திருத்தம் வரையறுத்தது. பள்ளிக்கூடம், காவல், திருமணச் சட்டம் முதலியன இன்றும் பெரும்பாலும் மாநிலங்களின் கையிலேயே உள்ளன.

ஏட்டளவில் இது அழகிய ஏற்பாடே. ஆயினும், அடிமை முறை என்னும் உரைகல்லில் உரைத்தபோது அதன் மாற்றுக் குறைந்தது. தம் மண்ணில் அடிமைகளை வைத்திருப்பது மாநில உரிமை என்றும், அதில் மத்திய அரசு தலையிடலாகாது என்றும் தென்மாநிலத்தார் வாதிட்டனர். அவர்களே, தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் தருமாறு மத்திய அரசின் துணையை நாடி, 1850இல் ஒரு சட்டத்தைப் பெற்றனர். அச்சட்டத்தின்படி பிடிபட்டவர் தம் சார்பில் சாட்சி சொல்ல இயலாது. ஜூரி விசாரணையும் கிடையாது. அவரை உரிமை கோரியவரிடம் ஒப்படைத்தால் விசாரித்த அதிகாரிக்கு 10 டாலர் கூலி; விடுவித்தால் 5 டாலர். நீதியின் தட்டு எப்பக்கம் சாய வேண்டும் என்பதைச் சட்டமே சொல்லிக் கொடுத்தது!

1854இல் வடக்கேயுள்ள விஸ்கான்சின் மாநிலத்தில் ஜோஷுவா குளோவர் என்னும் கறுப்பினத்தவர் இவ்வாறு பிடிபட்டு, மில்வாக்கி நகரில் சிறைவைக்கப்பட்டார். மக்கள் திரண்டு சிறைக் கதவை உடைத்து அவரை மீட்டனர். அவர் கனடா சென்று உயிர் வாழ்ந்தார். மீட்புக்குத் துணைநின்றமைக்காக வழக்குத் தொடுக்கப்பெற்ற பத்திரிகையாசிரியர் ஷெர்மன் பூத்தை, மத்தியச் சட்டம் செல்லாது என்று கூறி அம்மாநிலத் தலைமை நீதிமன்றம் விடுவித்தது. 1859இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி, மத்திய அரசின் பக்கம் நின்றது. இப்போது மாநில உரிமை பேசியவர் வடக்கர். மத்திய அரசின் மேலாண்மையைப் போற்றியவர் தெற்கர்! 1860 டிசம்பரில் தென் கரோலினா கூட்டரசைவிட்டு விலகியபோது, வடமாநிலங்கள் தப்பியோடிய அடிமைகளைத் திருப்பித் தர மறுத்ததையே ஒரு பெருங்குறையாய் எழுதி வைத்தது.

அடுத்த நூற்றாண்டில் காட்சி மீண்டும் மாறியது. 1957இல் ஆர்க்கன்சாஸ் மாநில ஆளுநர், லிட்டில் ராக் நகரின் பள்ளியில் கறுப்பின மாணவர் ஒன்பது பேர் நுழையாதவாறு படையை நிறுத்தினார். குடியரசுத் தலைவர் ஐசனாவர் மத்தியப் படையை அனுப்பி அவர்களை உள்ளே அழைத்துச் செல்லச் செய்தார். மில்வாக்கியில் மாநிலம் அறத்தின் பக்கம். லிட்டில் ராக்கில் மத்திய அரசு அறத்தின் பக்கம்.

அப்படியாயின் பங்கீடு வீண்தானா? அன்று. ஒரு வாயில் அடைபட்டால் தட்டுவதற்கு இன்னொரு வாயில் இருத்தல் நலிந்தோர்க்குப் பெரும்பேறு. ஆனால், எவ்வாயிலும் தானே திறப்பதில்லை. உள்ளிருப்போரின் மனச்சான்றே திறக்க வேண்டும்.

இங்கு ஒரு தடை எழலாம். ஒவ்வொருவரும் தம் கட்சியே நீதியென்பர். எனவே தமக்கு வேண்டியபோதெல்லாம் எல்லையைத் தாண்டினால் பங்கீடு என்னாவது? இத்தடை நியாயமானதே. வரி, சாலை, வாணிகம் போன்றவற்றில் எல்லை நமக்குக் கசந்தாலும் அதனை மதித்தல் கடன். எனினும், மனிதனை மனிதன் உடைமையாக்கும் உரிமை எந்த எல்லைக்குள்ளும் அடங்காது. 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட உள்நாட்டுப் போருக்குப் பின்னரே அமெரிக்கர் இதனைச் சட்டமாக எழுதினர். 1865இல் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. எம்மாநிலமும் எவருக்கும் சட்டத்தின் சமமான பாதுகாப்பை மறுத்தலாகாது என்று 1868இல் விதிக்கப்பட்டது. அவ்விதி எழுதப்பட்டு 89 ஆண்டுகள் கழிந்த பின்னும் லிட்டில் ராக்கில் படை தேவைப்பட்டதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதிகாரம் ஓர் அமானிதம். அதனை வைத்திருப்பவர் யார் என்று கேட்பது முதற் கேள்வி; அதனால் நசுங்குபவர் யார் என்பதே முடிவான கேள்வி. தமக்குச் சாதகமானபோது ஏந்திய நிறைகோலைப் பாதகமானபோதும் கீழே வைக்காதவரே நீதிமான் என்னும் பெயருக்கு உரியவர்.