எரிபொருள் மானியம்: யாருடைய உரிமை? யாருடைய அமானிதம்?

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

  

போன வாரம் ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது, ஆட்டோ ஓட்டும் நம் ஜமாஅத் சகோதரர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ஹஜ்ரத், டீசல், கேஸ், நிலக்கரிக்குக் கொடுக்கிற மானியத்தையெல்லாம் நிறுத்தணும், அந்தப் பணத்துல வெள்ளத்துல இருந்தும் வெயில்ல இருந்தும் மக்களைக் காப்பாத்தணும்னு பேசுறாங்க. நிறுத்துறதுன்னா முதல்ல எங்க வயித்துலதானே அடிப்பாங்க? மார்க்கம் இதுக்கு என்ன சொல்லுது?"

நியாயமான கேள்வி. அவருக்கு அங்கேயே நின்று இரண்டு வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்த வாரம் முழுவதும் கிதாபுகளைப் புரட்டிப் பார்த்தேன். கிடைத்ததை உங்கள் முன் வைக்கிறேன்.

உமர் (ரழி) அவர்களின் மேய்ச்சல் நிலம்

அமீருல் முஃமினீன் உமர் (ரழி) அவர்களின் ஆட்சியில் 'ஹிமா' என்று ஒன்று இருந்தது. அரசு ஒதுக்கிப் பாதுகாக்கும் பொது மேய்ச்சல் நிலம். தண்ணீரும் புல்லும் அங்கே இலவசம். இன்றைய பாஷையில் சொன்னால் அதுவும் ஒரு மானியம்தான்.

அதற்கு ஹுனய் என்ற தம் பணியாளரைப் பொறுப்பாளராக நியமித்தபோது உமர் (ரழி) அவர்கள் செய்த உபதேசம் புகாரியில் (3059) பதிவாகியிருக்கிறது. மக்களிடம் பணிவாக நடந்துகொள்ளும்படி சொன்னார்கள். அநீதி இழைக்கப்பட்டவனின் துஆவுக்கு அஞ்சும்படி எச்சரித்தார்கள். கொஞ்சம் ஒட்டகமும் கொஞ்சம் ஆடும் வைத்திருப்பவனை உள்ளே விடும்படி கட்டளையிட்டார்கள். அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப், உஸ்மான் பின் அஃப்பான் (ரழி) ஆகியோரின் மந்தைகளை உள்ளே விட வேண்டாம் என்றும் சொன்னார்கள்.

யார் இந்த இருவர்? சொர்க்கத்தைக் கொண்டு நன்மாராயம் கூறப்பட்ட பத்துப் பேரில் இருவர்! மார்க்கத்துக்காக அள்ளி அள்ளிக் கொடுத்தவர்கள். அவர்களின் மந்தையைத்தான் வாசலில் நிறுத்தச் சொல்கிறார்கள். காரணத்தையும் சொன்னார்கள்: அவர்களின் கால்நடை அழிந்தால் பேரீச்சந்தோட்டமும் விளைநிலமும் கைகொடுக்கும். ஏழையின் ஆடு அழிந்தால் அவன் பிள்ளைகளோடு என் வாசலில் வந்து நிற்பான். அவனைக் கைவிட முடியுமா? அவனுக்குப் புல்லும் தண்ணீரும் கொடுப்பது, பிறகு பொன்னும் வெள்ளியும் கொடுப்பதைவிட எளிது.

அன்பானவர்களே! மானியம் பற்றிய சட்டம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. இல்லாதவனுக்குப் பொதுச் சொத்தின் வாசல் திறந்திருக்க வேண்டும். இருப்பவனுக்கு அவன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் அந்த வாசல் இல்லை. செல்வம் உங்களில் பணக்காரர்களுக்கிடையே மட்டும் சுற்றிவரும் பொருளாகிவிடக் கூடாது என்று ஹஷ்ர் சூராவில் (59:7) அல்லாஹ் சொல்வதன் நடைமுறை விளக்கம் அது.

நம் நாட்டில் வாசல் யாருக்குத் திறந்தது?

இதை அளவுகோலாக வைத்து நம் நாட்டைப் பார்ப்போம். 2012-13ஆம் ஆண்டில் டீசலை அடக்க விலைக்குக் குறைவாக விற்றதால் ஏற்பட்ட இழப்பு மட்டும் சுமார் 92,000 கோடி ரூபாய். அந்தச் சலுகை யாருக்குப் போனது? உழவனின் டிராக்டருக்கும் போனது. பல லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கிய சொகுசுக் காருக்கும் அதே சலுகை போனது. பெரிய வண்டிக்குப் பெரிய டேங்க். பெரிய டேங்க்குக்குப் பெரிய மானியம்!

இன்னொன்றைக் கேளுங்கள். 2013 ஜனவரியில், மொத்தமாக டீசல் வாங்குவோருக்கு மட்டும் முதலில் மானியம் நிறுத்தப்பட்டது. அந்தப் பட்டியலில் அரசுப் பேருந்துக் கழகங்கள் வந்தன. சொகுசுக் காருக்கு பங்க்கில் மானிய விலை. ஏழை ஏறும் பேருந்துக்கு முழு விலை! பேருந்துகள் டெப்போவை விட்டு பங்க்குகளுக்குப் போய் டீசல் நிரப்பிய காட்சி உங்களில் பலருக்கு நினைவிருக்கும். உமர் (ரழி) அவர்களின் ஹிமாவில், ஏழையின் ஆட்டை வாசலில் நிறுத்திவிட்டு உஸ்மான் (ரழி) அவர்களின் மந்தையை உள்ளே விட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது. 2014 அக்டோபரில்தான் டீசல் விலைக் கட்டுப்பாடு முழுமையாக நீக்கப்பட்டது.

இது நம் நாட்டின் கதை மட்டுமல்ல. உலக நாடுகள் எரிபொருளுக்கு நேரடியாகக் கொடுத்த மானியம் 2022இல் சுமார் 1.3 லட்சம் கோடி டாலர் என்று பன்னாட்டு நாணய நிதியம் கணக்கிட்டது. அதிகம் எரிப்பவனுக்கு அதிகம் கிடைக்கும். எரித்ததின் சூடும் வெள்ளமும் மட்டும் எரிக்காதவனைத் தேடி வரும். அதனால், வசதியானவர்களுக்குப் போகும் மானியத்தை நிறுத்துவது மார்க்கத்துக்கு விரோதமல்ல. மார்க்கம் எதிர்பார்ப்பதே அதுதான்.

நிறுத்துவதிலும் ஒழுங்கு உண்டு

அப்படியானால் ஆட்டோ சகோதரரின் பயம்? அதுவும் உண்மைதான். நைஜீரியாவில் 2023 மே மாத இறுதியில் பெட்ரோல் மானியம் ஒரே அறிவிப்பில் நிறுத்தப்பட்டது. சில நாட்களிலேயே பெட்ரோல் விலை ஏறக்குறைய மூன்று மடங்கானது. வேலைக்குப் போகும் கூலித் தொழிலாளியின் பயணச் செலவு அன்றே ஏறியது. நிவாரணம் அன்றே வந்து சேரவில்லை.

இந்தோனேசியாவில் 2022 செப்டம்பரில் மானியப் பெட்ரோல் விலையை லிட்டருக்கு 7,650 ரூபியாவிலிருந்து 10,000 ஆக உயர்த்தினார்கள். அங்கும் மக்கள் வீதிக்கு வந்தார்கள். ஆனால் அதோடு சேர்த்து 2 கோடிக்கும் அதிகமான ஏழைக் குடும்பங்களுக்கு தலா 6 லட்சம் ரூபியா ரொக்கமாகக் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். குறைகள் இருக்கலாம். ஆனால் ஏழையின் கை வெறுங்கையாகக் கூடாது என்ற கவலை அதில் இருந்தது.

நம் கடற்கரையில் வரி விலக்கு டீசல் வாங்கிக் கடலுக்குப் போகும் சிறு மீனவர் இருக்கிறார். அவர்தான் ஹிமாவின் வாசலில் நிற்கும் ஏழை. மானியத்தில் கை வைக்கும் எவரும் கடைசியாகத்தான் அவரிடம் வர வேண்டும். அப்போதும் அவருக்கு வேறு வழி காட்டிவிட்டுத்தான் வர வேண்டும். தீங்கு செய்யவும் கூடாது, தீங்குக்குத் தீங்கு செய்யவும் கூடாது என்பது நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த அடிப்படை.

எடுத்த பணம் எங்கே?

சகோதரர்களே! நிறுத்துவது பாதிதான். மிச்சமான பணம் எங்கே போகிறது என்பது மறுபாதி. கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களைப் பற்றி வரலாற்றில் ஒரு சம்பவம் சொல்லப்படுகிறது. இரவில் அரசுப் பணி பார்த்துக்கொண்டிருந்தபோது, வந்தவர் சொந்த நலம் விசாரிக்க ஆரம்பித்தார். உடனே விளக்கை அணைத்துவிட்டு, தம் சொந்த எண்ணெயில் எரியும் விளக்கை ஏற்றினார்கள். அது பைத்துல்மாலின் எண்ணெய். பொது வேலைக்கு மட்டுமே எரிய வேண்டும்!

நம் நாட்டில் 2010இல் நிலக்கரி மீது டன்னுக்கு 50 ரூபாய் செஸ் போட்டார்கள். 2016க்குள் அது 400 ரூபாயானது. தூய எரிசக்திக்கான நிதி என்று பெயர் சொல்லித்தான் வசூலித்தார்கள். 2017-18 வரை வசூலானது சுமார் 86,000 கோடி ரூபாய். அந்த நிதிக்குப் போய்ச் சேர்ந்தது சுமார் 30,000 கோடி. திட்டங்களுக்குச் செலவானது சுமார் 16,000 கோடி. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது, அந்த வசூல் மாநிலங்களுக்கு இழப்பீடு கொடுக்கும் கணக்குக்கு மாறிவிட்டது. இழப்பீடும் தேவையான செலவுதான். ஆனால் ஒரு பெயர் சொல்லி வாங்கிய பணத்தை வேறு பெயரில் செலவழித்தால் மக்கள் அடுத்த முறை நம்ப மாட்டார்கள். அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்கும்படி அல்லாஹ் (4:58) கட்டளையிடுகிறான்.

உரியவர் யார்? 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணிக் கரையெங்கும் வீடுகள் மூழ்கின. காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் அதிக ஈரத்தைச் சுமக்கும் என்கிறது அறிவியல். இனி கொட்டும் மழை இன்னும் பலமாகவே கொட்டும். அதற்கு வடிகால் வேண்டும், ஏரிக்கரை வேண்டும், முன்னெச்சரிக்கை வேண்டும், வெயிலில் நிற்பவனுக்கு நிழல் வேண்டும், பேருந்து வேண்டும். எரிபொருளில் மிச்சப்படுத்திய பணத்துக்கு உரியவர்கள் அந்தத் தண்ணீரில் நின்றவர்கள்தான்.

நாம் என்ன செய்வது?

முதலில் என் குறையைச் சொல்கிறேன். 2015இல் வசதியுள்ளவர்கள் கேஸ் மானியத்தை விட்டுக்கொடுங்கள் என்று அரசு கேட்டது. ஒரு கோடிக்கும் அதிகமான குடும்பங்கள் விட்டுக்கொடுத்தன. இமாமின் சம்பளத்தில் வாழும் எனக்கு அது தேவைப்பட்டது, நான் விடவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் இதே மிம்பரில் நின்று, வசதியான உங்களிடம் கூட அன்று நான் அதைச் சொல்லவில்லை. உங்கள் முகம் கோணுமே என்று தயங்கினேன். அல்லாஹ் மன்னிக்கட்டும்.

இன்று சொல்கிறேன். உங்களுக்குத் தேவையில்லாத எந்த அரசுச் சலுகையையும் விட்டுவிடுங்கள். ஹிமாவில் உங்கள் மந்தை நிற்கும் இடத்தில் ஓர் ஏழையின் ஆடு நிற்கட்டும். பள்ளிவாசலில் ஆளில்லாத நேரத்தில் ஓடும் ஏசியும் மின்விசிறியும் வக்ஃபு சொத்தின் எண்ணெய், அணைத்துவிட்டுப் போங்கள். ஓட்டுக் கேட்டு வருபவரிடமும், கிராம சபையிலும், வார்டு கூட்டத்திலும் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: மானியம் யாருக்குப் போகிறது? மிச்சமான பணம் எங்கே போனது? கணக்குக் கேட்பது குழப்பம் செய்வதல்ல. உமர் (ரழி) அவர்களிடமே மக்கள் கணக்குக் கேட்டார்கள்.

ஆட்டோ சகோதரருக்கு என் பதில் இதுதான்: உங்களிடமிருந்து தொடங்கினால் அது அநீதி. உங்களைக் காட்டி, பணக்காரருக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தால் அதுவும் அநீதி. இருப்பவரிடமிருந்து தொடங்கி, உங்கள் வீட்டுக்குள் வெள்ளம் வராமல் தடுக்க அந்தப் பணம் வந்து சேர்ந்தால் அதுதான் நீதி. அதைக் கேட்டு வாங்குவது நம் எல்லோர் மீதும் கடமை.

யா அல்லாஹ்! எங்கள் கைகளில் நீ தந்த அமானிதங்களைப் பேணுபவர்களாக எங்களை ஆக்குவாயாக! வீண்விரயத்திலிருந்து எங்களைக் காப்பாயாக! வெள்ளத்திலும் வெப்பத்திலும் தவிக்கும் உன் அடியார்களுக்கு அரணாக இருப்பாயாக! எங்களை ஆள்வோரின் உள்ளங்களில் ஏழைகள் மீது இரக்கத்தைப் போடுவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.