மிச்சமான நாட்கள் யாருக்குரியவை?

மனித உழைப்பைக் குறைக்கும் கருவியொன்று ஆக்கப்படுமாயின், அதனால் விளையும் நன்மை யாரைச் சேர்தல் வேண்டும்? கருவியைக் கண்டுபிடித்தவனையா, அதற்கு முதலிட்டவனையா, அது செய்யும் பண்டத்தை வாங்குவோனையா, அல்லது எவனுடைய கைவேலையைப் பார்த்து அக்கருவி ஆக்கப்பட்டதோ அந்தத் தொழிலாளியையா? பொருளியலாளர் விலை, கூலி, இலாபம் என்னும் கணக்குகளைக் கொண்டு இதற்கு விடை கூறுவர். எனினும் அடிப்படையில் இஃது அறம் பற்றிய கேள்வியாகும். இதனைப் பொதுப்படையாக விவாதிப்பதிலும் பார்க்க, ஒரு தொழிலின் வரலாற்றை ஊன்றி நோக்குதல் பயன் தரும். நாள்தோறும் காலில் அணிந்தும் அதன் வரலாற்றை நாம் எண்ணிப் பாராத சப்பாத்தை இங்கு எடுத்துக்கொள்வோம்.

அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்திலுள்ள லின் நகரம் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் சப்பாத்துத் தொழிலுக்குப் பெயர்பெற்றிருந்தது. அந்நூற்றாண்டின் முற்பகுதியில் அத்தொழில் பெரும்பாலும் வீட்டுப்புறத்துச் சிறு கொட்டில்களிலேயே நடைபெற்றது. ஆண்கள் தோலை வெட்டி, அடித்தோலைப் பொருத்தித் தைத்தனர். பெண்கள் வீட்டிலிருந்தவாறே மேற்றோலின் துண்டுகளை இணைத்துத் தைத்தனர். 1846ஆம் ஆண்டில் இலியாஸ் ஹோவ் தமது தையல் இயந்திரத்துக்கு ஆக்கவுரிமை பெற்றார். சில ஆண்டுகளுள் அவ்வகை இயந்திரம் தோல் தைப்பதற்கேற்ப மாற்றப்பட்டது. பெண்களின் வீட்டுவேலை தொழிற்சாலைக்குட் புகுந்தது. 1858இல் லைமன் பிளேக் என்பவர் அடித்தோலை மேற்றோலுடன் சேர்த்துத் தைக்கும் இயந்திரத்துக்கு ஆக்கவுரிமை பெற்றார்.

அவ்வுரிமையை வாங்கிய கோர்டன் மக்கே கைக்கொண்ட முறை கவனிக்கத்தக்கது. அவர் இயந்திரத்தை விற்பதை விடுத்து வாடகைக்குக் கொடுத்தார். தைக்கப்படும் ஒவ்வொரு சோடிக்கும் இவ்வளவு எனத் தொழிற்சாலைகள் அவருக்குக் கட்டணம் செலுத்தின. உள்நாட்டுப் போர்க்காலத்திற் படையினருக்குச் சப்பாத்துத் தேவைப்பட்டபோது அவ்வியந்திரம் நாடெங்கும் பரவியது. போருக்கு முந்திய ஆண்டாகிய 1860இல், பெப்ரவரி 22ஆந் திகதி, கூலிக் குறைப்பை எதிர்த்து லின் நகரத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அடுத்த மாதத்தில் நூற்றுக்கணக்கான பெண் தொழிலாளர் பனி பெய்துகொண்டிருந்த வேளையில் வீதிகளில் அணிவகுத்துச் சென்றனர். இயந்திரம் வருதலும் கூலி தேய்தலும் ஒரே காலத்தில் நிகழ்ந்ததை அவர்கள் தம் அனுபவத்திற் கண்டிருந்தனர்.

இத்தனை மாற்றங்களுக்குப் பின்னும் இயந்திரத்துக்கு வசப்படாத ஒரு வேலை எஞ்சியிருந்தது. கால் வடிவிற் செதுக்கிய மரப்பாதம் ஒன்றின்மீது மேற்றோலை விரித்து, குறட்டினாற் பற்றி இழுத்து, விரல் நுனியிலும் குதியிலும் சுருக்கம் விழாதவாறு மடித்து, உள்ளடித் தோலுடன் ஆணியடித்து நிறுத்துவதே அவ்வேலை. சப்பாத்து காலுக்குப் பொருந்துவதும் பொருந்தாமற் போவதும் இவ்விழுப்பைப் பொறுத்தன. ஒரு தோல் நெகிழும்; இன்னொன்று முரண்டு பிடிக்கும். எவ்வளவு இழுப்பது, எங்கே நிறுத்துவது என்பதை விரல்களே அறியும். தேர்ந்த தொழிலாளி ஒருவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 சோடிகளுக்கு இவ்வேலையைச் செய்வார். அவருடைய கை ஓய்ந்தால் முழுத் தொழிற்சாலையும் ஓயும். இதனை உணர்ந்திருந்த இழுப்புத் தொழிலாளர் வலிமை வாய்ந்த சங்கம் அமைத்து நல்ல கூலியும் பெற்றனர். தம் விரல்களின் அறிவை எந்த இரும்பும் கற்றுக்கொள்ளாதென அவர்கள் நம்பியதில் வியப்பில்லை.

அந்நம்பிக்கையைப் பொய்யாக்கியவர் ஜான் ஏர்ணஸ்ட் மற்செலிகர். 1852ஆம் ஆண்டில், அன்று ஒல்லாந்தர் ஆண்ட சுரினாமின் பரமாரிபோ நகரில், ஒல்லாந்தப் பொறியியலாளர் ஒருவருக்கும் ஆபிரிக்க வமிசத்துப் பெண்ணொருவருக்கும் பிறந்தவர். பத்து வயதளவில் இயந்திரப் பட்டறையிற் பயிலத் தொடங்கி, பின்னர் கப்பலில் வேலை செய்து அமெரிக்காவை அடைந்தார். லின் நகரத்துச் சப்பாத்துத் தொழிற்சாலையொன்றில் வேலை செய்தபோது, இழுப்புத் தொழிலாளரின் கைகளை நாள்தோறும் உற்றுநோக்கினார். இரவில், வாடகை அறையில், சுருட்டுப்பெட்டிப் பலகையும் கம்பியும் கொண்டு மாதிரிகள் செய்தார். கையிற் பணமில்லை, உணவையும் சுருக்கிக்கொண்டார். கருவியை முற்றுவிக்கப் பணம் தந்த இருவருக்கு அதன் உரிமையில் மூன்றில் இரு பங்கை எழுதிக்கொடுத்தார். 1883ஆம் ஆண்டு மார்ச் 20ஆந் திகதி ஆக்கவுரிமை கிடைத்தது. 1885இல் தொழிற்சாலையிற் சோதித்தபோது இயந்திரம் 75 சோடிகளைக் குறையின்றி முடித்தது. பின்னர் திருந்திய நிலையில் நாளொன்றுக்கு 700 சோடிகள் வரை செய்யும் ஆற்றல் பெற்றது.

இங்குதான் நாம் சற்று நின்று கணக்கிடுதல் வேண்டும். கைக்கு 50, இயந்திரத்துக்கு 700. அஃதாவது, ஒரு மனிதன் பதினான்கு நாட்களிற் செய்ததை இயந்திரம் ஒரே நாளில் முடிக்க வல்லதாயிற்று. எஞ்சிய பதின்மூன்று நாட்கள் எங்கே சென்றன?

அவற்றின் ஒரு பகுதி சப்பாத்தை வாங்கியோரைச் சேர்ந்தது. விலை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததென்பர். அதற்குமுன் சப்பாத்து வாங்க இயலாதிருந்த ஏழைகளும் வாங்க முடிந்தது. இதனைச் சிறு நன்மையென ஒதுக்குவோமாயின் அது நேர்மையாகாது. ஒரு பகுதி இயந்திரத்தை ஆக்கிப் பழுதுபார்ப்போரின் உழைப்பாயிற்று. பெரும்பகுதி, இயந்திரத்துக்கு உரிமை கொண்டாடிய கம்பனிகளுக்கு வாடகையாகவும் இலாபமாகவும் சென்றது. ஆனால் இழுப்புத் தொழிலாளியின் வேலைநாள் பதினான்கில் ஒன்றாகக் குறைந்ததா? பாதியாகவேனும் குறைந்ததா? இல்லை. அவனுக்குக் கிடைத்தது ஓய்வன்று. வேலையின்மையும், வேலை கிடைத்தவிடத்து இயந்திரத்தின் வேகத்துக்கு ஈடுகொடுக்க வேண்டிய கட்டாயமுமே.

இயந்திரக் கண்டுபிடிப்புக்கள் எந்த மனிதனுடைய நாளாந்த உழைப்பையாவது இலேசாக்கினவா என்று ஜோன் ஸ்டூவர்ட் மில் 1848இல் ஐயுற்று எழுதினார். கார்ல் மார்க்ஸ் 1867இல் அவ்வையத்தை எடுத்துக்கொண்டு, முதலாளித்துவத்தின்கீழ் இயந்திரத்தின் நோக்கம் உழைப்பை இலேசாக்குவதே அன்று என்று பதிலளித்தார். மில் வருத்தத்துடன் கண்டதை மார்க்ஸ் காரணத்துடன் கண்டார். லின் நகரத்துப் பதின்மூன்று நாட்களின் கதை அவ்விருவர்க்கும் பின்வந்த சான்றாகும்.

இனி, நாம் எழுப்பிய கேள்வியின் கடினமான பகுதிக்கு வருவோம். மற்செலிகரின் இயந்திரத்துக்குள் இருந்தது யாருடைய அறிவு? குறடு தோலைப் பற்றுவதும், இழுப்பதும், மடிப்பதும், ஆணியை இறக்குவதும் தொழிலாளரின் கைகள் தலைமுறை தலைமுறையாகக் கண்டறிந்த அசைவுகள். சட்டம் கண்டுபிடித்தவனை அறிந்தது; முதலிட்டோரை அறிந்தது; உரிமையை வாங்கிய கம்பனியையும் அறிந்தது. எந்தக் கைகளிலிருந்து அவ்வறிவு எடுக்கப்பட்டதோ, அவற்றை மட்டும் அது அறியவில்லை.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். கையசைவை எவரும் தம் சொத்தென்று கூறமுடியாது. அத்தொழிலாளியும் அதனைத் தன் முன்னோரிடமிருந்தே கற்றான். ஆகவே அவனுக்கு அதில் என்ன உரிமை? இம்மறுப்பு வலுவானதே. ஆயினும் அதன் வலு முழுவதும் நமது வாதத்துக்கே துணை செய்கிறது. அத்திறன் தனியொரு தொழிலாளியின் சொத்தன்று என்பது உண்மையாயின், அதே காரணத்தால் அது தனியொரு கம்பனியின் சொத்தாகவும் இருத்தல் முடியாது. பலர் சேர்ந்து வளர்த்த அறிவை வேலியிட்டு அடைத்து, அதனுள் நுழைவோரிடம் சோடிக்கு இவ்வளவு என வரி கேட்பதை எந்த நியாயத்தால் ஏற்பது?

அவ்வேலி எவ்வளவு உயர்ந்ததென்பதை வரலாறு காட்டுகின்றது. 1899ஆம் ஆண்டிற் பல கம்பனிகள் இணைந்து ஐக்கிய சப்பாத்து இயந்திரக் கம்பனி தோன்றிற்று. அதன் முக்கிய இயந்திரங்களைத் தொழிற்சாலைகள் விலைக்கு வாங்க முடியாது. நீண்டகால ஒப்பந்தத்தில் வாடகைக்கே பெறமுடியும். 1953இல் அமெரிக்க நீதிமன்றமொன்று அக்கம்பனி சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் கையாண்டதெனத் தீர்ப்பளித்தது. மறுவருடம் உச்ச நீதிமன்றம் அதனை உறுதிப்படுத்திற்று. ஆனால் அவ்வழக்கிற்கூட எழுந்த கேள்வி, முதலாளிகளுக்கிடையே போட்டி நேர்மையாக நடந்ததா என்பதே. தொழிலாளியின் கைகளைப் பற்றி எந்த நீதிமன்றத்திலும் வழக்கு எழவில்லை.

அப்படியாயின், இயந்திரத்தை எதிர்ப்பதே தொழிலாளியின் கடமையா? அன்று. திறனை மதிலாக எழுப்பி அதன் பின்னே நின்று தன்னைக் காத்துக்கொள்ளும் வழி எங்கே கொண்டுசெல்லும் என்பதற்கும் இத்தொழிலிலேயே சான்றுண்டு. 1867இல் தோன்றிய புனித கிறிஸ்பின் வீரர் என்னும் சப்பாத்துத் தொழிலாளர் சங்கம், பயிலாத புதியவர்க்கு வேலை பழக்குவதில்லை என்னும் கொள்கையுடையது. 1870இல், அதே மாநிலத்து வட அடம்ஸ் நகரில், அச்சங்கத்தினர் வேலைநிறுத்தஞ் செய்தபோது, முதலாளி ஒருவர் சன் பிரான்சிஸ்கோவிலிருந்து 75 சீனத் தொழிலாளரை வருவித்தார். இயந்திரத்தின் துணையோடு புதியவர் விரைவில் வேலை பழகினர், வேலைநிறுத்தம் தோற்றது. மதிலுக்கு உள்ளே இருந்தோர் வெளியே இருந்தோரைப் பகைவரெனக் கண்டனர். வெளியே இருந்தவரும் தம்மைப்போல் வயிற்றுக்காக வந்தவரே என்பதை அன்று கண்டவர் சிலரே. 1895ஆம் ஆண்டில் இழுப்புத் தொழிலாளர் சங்கம் தொழிலின் ஏனைய பிரிவினரது சங்கங்களுடன் இணைந்து, சப்பாத்துத் தொழிலாளர் அனைவர்க்கும் பொதுவானதொரு சங்கமாயிற்று. தனித்திறன் என்னும் மதில் இடிந்தபின்னர் எஞ்சியிருந்தது ஒற்றுமை என்னும் வழியே.

இன்னொரு சாராரின் விடையும் உண்டு. முன்னேற்றத்துக்குச் சிலர் தியாகஞ் செய்யத்தான் வேண்டும் என்பர். தானாக விரும்பி ஒருவன் கொடுப்பது தியாகம். ஒருவனைக் கேளாமல் அவனிடமிருந்து எடுப்பதற்குத் தமிழில் வேறு சொல் உண்டு. நாளடைவில் எல்லோரும் நன்மை பெறுவர் எனவும் கூறுவர். நாளடைவு என்பது சமுதாயத்தின் காலம். வேலை இழந்தவனின் பிள்ளைக்கு இன்று மாலையே பசிக்கும்.

மற்செலிகரைக் குற்றவாளியாக்குவதும் பொருந்தாது. அவரும் ஒரு தொழிலாளியே. நிறத்தின் காரணமாக லின் நகரத்துத் தேவாலயங்கள் பல அவரை ஏற்க மறுத்தன. உடல் நலிந்து, காசநோயுற்று, 1889இல், தமது 37ஆவது வயது நிறையுமுன் இறந்தார். தம்மை ஏற்றுக்கொண்ட ஒரேயொரு தேவாலயத்துக்குத் தமது பங்குகளில் ஒரு பகுதியை எழுதிவைத்தார். பிறருடைய கைகளின் திறனை இரும்புக்கு மாற்றியவரின் உடலையும் அதே அமைப்பு தேய்த்து முடித்தது.

இது பழங்கதை என எவரும் ஒதுக்கிவிட முடியாது. அண்மைக் காலத்தில் அடிடாஸ் கம்பனி ஜேர்மனியின் அன்ஸ்பாக் நகரிலும் அமெரிக்காவின் அற்லாண்டா அருகிலும் தன்னியக்க இயந்திரங்கள் நிறைந்த சப்பாத்துத் தொழிற்சாலைகளை நிறுவியது. 2019 நவம்பரில் அவற்றை மூடப்போவதாக அறிவித்தது. உலகின் சப்பாத்துக்களிற் பெரும்பாலானவை இன்றும் ஆசியத் தொழிலாளரின் கைகளாலேயே தைத்து ஒட்டப்படுகின்றன. இயந்திரம் எங்கே வரும், எங்கே வராது என்பதை முடிவுசெய்வது உழைப்பின் கடுமையன்று, இலாபத்தின் கணக்கே. மனிதக் கை மலிவாக உள்ளவிடத்து அதன் நோவைத் தீர்க்க இயந்திரம் விரைந்து வருவதில்லை.

இன்னுமொன்று. இன்று கணினி நிரல்கள் எழுத்தாளரும் மொழிபெயர்ப்பாளரும் ஓவியரும் ஆக்கியவற்றைப் பெருந்தொகையாக உட்கொண்டு, அவர்களது வேலையைச் செய்யப் பழகுகின்றன. லின் நகரத்து இழுப்புத் தொழிலாளியின் அருகில் நின்று அவன் கையை உற்றுநோக்கிய கண், இப்பொழுது ஆசிரியரின் பாடக்குறிப்பையும் மாணவரின் கட்டுரையையும் நோக்குகின்றது. கைத்தொழிலாளியின் துன்பத்தைத் தொலைவில் நின்று பார்த்த படித்த வர்க்கத்தாருக்கு, அக்கேள்வி தம் மேசைக்கே வந்துவிட்டது.

ஆகவே நமது விடை யாது? திறன் சமுதாயத்தின் பொதுச்செல்வம். அதனை இயந்திரத்துக்கு மாற்றுவதைத் தடுக்க எவருக்கும் உரிமையில்லை; மாற்றியபின் அதனைத் தமக்கே அடைத்துக்கொள்ளவும் எவருக்கும் உரிமையில்லை. இயந்திரம் மிச்சப்படுத்தும் நாட்களின் முதற் கடன், எவருடைய வேலையை அது எடுத்துக்கொண்டதோ அவர்களுக்கே உரியது. குறைந்த வேலைநேரமாகவும், புதுத்தொழில் பழகும்வரை குறையாத கூலியாகவும், இயந்திரம் வருமுன் அதுபற்றிக் கேட்கப்படும் உரிமையாகவும் அக்கடன் தீர்க்கப்படல் வேண்டும். இவற்றை இரக்கத்தாற் கொடுக்கும் கொடையென எண்ணுவோர், கடனையும் தருமத்தையும் வேறுபடுத்தி அறியாதோராவர்.

50 சோடி 700 சோடியாவது மனித அறிவின் வெற்றி. அப்பதின்மூன்று நாட்களைப் பங்கிடுவது இயந்திரத்தின் வேலையன்று. அது நம்முடைய வேலை. அதனை இன்னும் நாம் செய்து முடிக்கவில்லை.