வெட்டாத கத்தியும் குற்றமா?

தாமான் சண்டைகளுக்குக் காரணம் பெரிதாக இருக்காது. கேட்டை மறிக்கும் கார், ஓயாமல் குரைக்கும் நாய், வேலி தாண்டிய மாமரக்கிளை. வாய்ச்சண்டை முற்றி ஒருவர் பாராங் கத்தியோடு வந்துவிட்டால், கேஸ் கோர்ட்டுக்குப் போய்விடும். தண்டனை பெற்றவர் 14 நாளுக்குள் உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். ஆனால், "நான் யாரையும் வெட்டலையே, சும்மாதானே காட்டினேன்" என்றால் எடுபடாது. நம் நாட்டுத் தண்டனைச் சட்டத்தின் 503ஆம் பிரிவில், ஒருவரைக் கலங்கடிக்கும் நோக்கத்தோடு தீங்கு செய்வதாக மிரட்டுவதே குற்றம். கொலை மிரட்டல் என்றால் 506ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறை.

சட்டம் இருக்கட்டும், தர்மம்? கார் நிறுத்தியது பக்கத்து வீட்டுக்காரர் தப்புதான் என்றே வைத்துக்கொள்வோம். "பயமுறுத்தாம யாருங்க கேக்கறாங்க?" என்று நம்மில் பலர் சொல்வோம். ஆனால் கத்தியைப் பார்த்துக் காரை எடுப்பவர் நம் நியாயத்தை ஒத்துக்கொள்ளவில்லை. உயிருக்குப் பயந்தார், அவ்வளவுதான். மறுநாள் முதல் அவர் பிள்ளைகள் வாசலில் விளையாடவே பயப்படும். அந்தப் பிள்ளைகள் செய்த தப்பு என்ன? இதனால்தான் வெட்டாத கத்தியும் காயப்படுத்துகிறது என்கிறேன்.

ஆயுத பூஜையன்று அதே கத்திக்குச் சந்தனம், குங்குமம் வைத்துக் கும்பிடுகிறோம். வேலைக்கு உதவும் கருவி என்பதால்தானே?

ருக்குன் தெத்தாங்காவில் சமரசம் பேசலாம். தாமதமாகலாம், எரிச்சலும் வரலாம். ஆனால் நம் பக்கத்து நியாயம் கெடாமல் இருக்கும்.