இன்மைக்குச் சாட்சி

ஐக்கிய அமெரிக்காவின் புறநகர் வீடுகளிற் பலவற்றின் முன்னே ஒரு புற்றரை உண்டு. அதனைப் பேணும் பொறுப்பை ஆண்டொப்பந்தமாக ஒரு கம்பனியிடம் ஒப்படைப்பது அங்கு பெருவழக்கு. ஊழியர் ஆண்டிற் சில தடவை வருவார். பசளையும் களைநாசினியும் தூவுவார். பல மாநிலங்களிற் சட்டம் வேண்டுகிறபடி சிறு அறிவிப்புக் கொடியொன்றை நட்டுச் செல்வார். வீட்டுக்காரர் அவ்வேளை பெரும்பாலும் வேலைத்தலத்தில் இருப்பார். மாலையில் அவர் காணும் புல், காலையிற் கண்ட புல்லாகவே இருக்கும்.

ஐயத்துக்கு இடமளிப்பது இத்தொழிலின் இயல்பு. பசளையின் பயன் தோன்ற நாட்கள் செல்லும். வசந்தத்தில் விதை முளைக்குமுன் இடப்படும் களைநாசினியோ இன்னும் விசித்திரமானது. களை தோன்றாமையே அதன் வெற்றி. தோன்றாத களைக்காகப் பணம் கொடுப்பவர், தூவ வந்தவரையும் கண்டிலர்.

இவ்விடத்தில் வாயில்மணியோடு இணைந்த கமரா சாட்சியாக நுழைகின்றது. 2018 இல் அமேசன் விலைக்கு வாங்கிய ரிங் நிறுவனத்தின் கருவி இவற்றுட் பெயர்பெற்றது. திருடனைக் காணவென்று பொருத்தியது, நாளடைவில் வேலையாளையும் காண்கிறது. “என் கமராவில் எவரும் பதியவில்லை, ஆகவே எவரும் வரவில்லை” என்று வீட்டுக்காரர் முறையிடுவார். கம்பனி பணத்தை மீளக் கொடுக்கலாம். பழி ஊழியர் தலையில் விழலாம்.

இந்த ‘ஆகவே’ எத்துணை வலிமையுடையது? காணாமையைக்கொண்டு இன்மையை அறிதலைப் பாட்ட மீமாம்சகர் அனுபலப்தி எனத் தனி அளவையாகக் கொண்டனர். சிவஞான சித்தியார் அதனை அபாவம் என்னும் பெயராற் சுட்டி, காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்கும். தனியளவையோ அன்றோ என்பது ஒருபுறமிருக்க, இருந்திருப்பின் கண்டிருப்போம் என்னும் நிலை அமைந்தாலே காணாமை சான்றாகும். வெளிச்சமுள்ள தரையிற் குடத்தைக் காணாதவன் குடமில்லை எனலாம். இருட்டறையில் நின்று அவ்வாறு கூறலாகாது.

மணிக்கமரா பாதி இருட்டறை என்பேன். அத்தகைய கருவிகள் பல, வெப்பமுள்ள உடலின் அசைவை உணர்ந்த பின்னரே பதியத் தொடங்குவன. மின்கலத்தில் இயங்குவன சிறிது பதிந்து ஓய்ந்துவிடும். அவை நோக்குவது வாயிற்படியை. பக்கவழியாற் பின்புறம் சென்றவரை அவை அறியா. வந்தவரைப் பதிந்தாலும், தூவியது பசளையா, எவ்வளவு, என்பவற்றைச் சொல்ல மாட்டா.

வீட்டுக்காரரின் ஐயத்தை நான் இகழவில்லை. தூவாமலே கொடி நடுவதும் இயலக்கூடியதே. என்னை உறுத்துவது வேறு. அப்பதிவு ஒருவர் கையில் மட்டும் இருக்கிறது. ஊழியர் வராத நாளின் வெறுமை கம்பனிக்குப் போகும். வெயிலில் நின்று முழுமையாக வேலைசெய்த நாளின் பதிவை எவர் அனுப்புகின்றார்? தம்மேற் பழி வந்தபோது அதனை அழைக்க ஊழியருக்கு வழியில்லை. ஒரு கட்சியினரே அழைக்கத்தக்க சாட்சியை எந்த நீதிமன்றமும் நடுநிலையானதெனக் கொள்ளாது. (சாட்சியை வைத்திருப்போரும் ஐயத்துக்கு அப்பாற்பட்டோரல்லர்: ஊழியர்கள் வாடிக்கையாளரின் அந்தரங்கப் பதிவுகளைப் பார்க்க இடமளித்தமை முதலிய குற்றச்சாட்டுகளின்பேரில், 2023 இல் 58 இலட்சம் டொலர் செலுத்த ரிங் உடன்பட்டது.)

இத்தனைக்கும், மணிமணியான பசளை தூவப்பட்டிருந்தால், மழையோ நீர்த்தெளிப்போ கரைக்கும்வரை புல்லிடையிலும் சீமெந்து நடைபாதை ஓரத்திலும் அம்மணிகள் கிடக்கும். படியிறங்கிக் குனிந்தாற் கண்ணுக்கே தெரியும்.