பெயரும் பிடியும்: உரிமை கையளித்தல் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

ஒருவனுக்கு ஒரு பொருளின் பெயரைக் கூறுதலும் அப்பொருளையே அவன் கையிற் கொடுத்தலும் ஒன்றல்ல. உலக வழக்கில் இவ்வேறுபாடு பெரிதாகப் பேசப்படுவதில்லை. கணனியின் இயக்க முறைமையை வகுத்தோர்க்கோ இது தவிர்க்கவியலாத வினாவாயிற்று. அவ்வினா பொறியியலோடு நின்றுவிடாது அறவியலையுந் தொடுகின்றது.

1969 ஆம் ஆண்டு தொடக்கம் பெல் ஆய்வுகூடத்திலே கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி முதலியோரால் உருவாக்கப்பட்ட யுனிக்ஸ் முறைமையில், ஓடிக்கொண்டிருக்கும் நிரலொன்று, அஃதாவது ஒரு செயன்முறை, கோப்பொன்றைப் பயன்படுத்த விரும்பின் அதன் பெயரைக் கூறித் திறக்குமாறு முறைமையின் மையக்கருவை வேண்டும். வேண்டுவோன் யார், அவனுக்கு அனுமதி உண்டா என்பன அப்பொழுதே ஆராயப்படும். அனுமதி உண்டாயின் ஒரு சிற்றெண் விடையாகக் கிடைக்கும். இவ்வெண்ணே கோப்பு விபரி. இதன்பின் வாசித்தலும் எழுதலும் இவ்வெண்ணைக் கொண்டே நிகழும், 'நீ யார்?' என்ற வினா மீண்டும் எழுவதில்லை. பெயர் எல்லார்க்கும் பொது. பிடியோ உடையவனுக்கே உரியது. 5 என்னும் எண் ஒரு செயன்முறையின் அட்டவணையில் ஒரு கோப்பைச் சுட்டும். இன்னொன்றின் அட்டவணையில் வேறொன்றைச் சுட்டலாம். எதனையுமே சுட்டாதும் விடலாம். எனவே எண்ணை எழுதியனுப்புவதால் உரிமை சென்றடையாது.

தொடக்கத்தில் பிடியானது தாய்ச் செயன்முறையிடமிருந்து அதன் சேய்க்கு மரபுரிமையாகவே சென்றது. 1983 இல் பேர்க்லியிலிருந்து வெளியான 4.2 பீ.எஸ்.டி. முறைமையில், உறவற்ற இரு செயன்முறைகளும் செய்தியோடு விபரியை இணைத்து ஒன்றுக்கொன்று கையளிக்க வழி பிறந்தது. மையக்கரு இடைநின்று, பெறுவோனின் அட்டவணையில் புதியதோர் எண்ணின்கீழ் அதே திறந்த கோப்பை இட்டுக் கொடுக்கும். செய்தியின் அப்பகுதிக்கு வடிவமைத்தோர் இட்ட பெயர் 'அணுகல் உரிமைகள்' என்பதாகும். சட்டத்துறைக்குரிய சொல்லொன்றைப் பொறியியலாளர் தாமாகவே நாடியமை மனங்கொள்ளத்தக்கது.

இத்தகைய கையளிப்பு ஏன் வேண்டும்? பெயரைச் சொல்லிவிட்டால் பெறுவோன் தானே திறந்துகொள்ள மாட்டானா? இதற்குரிய சிறந்த விடையை 1988 இல் நோம் ஹார்டி எழுதிய சிறு கட்டுரையொன்றிற் காணலாம். வணிகக் கணனியொன்றில் இயங்கிய தொகுப்பி நிரலுக்கு, தன் பயன்பாட்டுப் புள்ளிவிபரங்களைப் பதிவதற்காக ஒரு குறித்த அடைவில் எழுதும் அனுமதி வழங்கப்பட்டிருந்தது. கட்டணக் கணக்குக் கோப்பும் அவ்வடைவிலேயே இருந்தது. பயனரொருவர் தம் நிரலின் பிழைதிருத்தத் தகவலை எழுதுவதற்குரிய கோப்பின் பெயராக அக்கணக்குக் கோப்பின் பெயரையே கொடுத்துவிட்டார். தொகுப்பி சொன்னதைச் செய்தது. கணக்கு அழிந்தது.

இங்கே குற்றவாளி யார்? பயனர் ஒரு பெயரை மொழிந்தார், அவ்வளவே. தொகுப்பி தன் பணியினின்று வழுவவில்லை. முறைமையும் அனுமதியைச் சோதித்தே திறந்தது. ஒவ்வொருவரும் தத்தங் கடமையைச் செய்யவே கேடு விளைந்தது. தொகுப்பி இரு தலைவர்க்குப் பணிபுரிந்தது. எவர் அதிகாரத்தால் எதனைத் திறக்கின்றது என்பதைச் சொல்வதற்கு அதற்கு வாயில்லை. பயனர் கோப்பைத் தாமே திறந்து பிடியைக் கொடுத்தல் வேண்டும் என்று விதி இருந்திருப்பின், தமக்கில்லாத ஒன்றை அவராற் கொடுத்திருக்க முடியாது. தகுதியை ஆளிடத்து வைக்காது பிடியிடத்தே வைக்கும் இக்கருத்தை 1966 இலேயே ஜக் டெனிஸ், ஏர்ல் வான் ஹோர்ன் ஆகியோர் எடுத்துரைத்தனர்.

இதற்கு மாறாக ஒரு தடை எழுப்பப்படுவதுண்டு. பிடியைப் பெற்றவன் அதனை மூன்றாமவனுக்குக் கையளித்துவிட்டால் பொறுப்பு எங்கே போகும் என்பர். தடை வலிமையுடையது போலத் தோன்றினும் பாதியே உண்மை. கையளித்தலைத் தடுத்தாலும், படிக்கும் உரிமையுடையவன் தான் படித்ததைப் பிறனுக்கு ஓதிக்காட்டலாம். அதனைத் தடுப்பார் இல்லை. எனினும் ஓதுவோன் நிறுத்தினால் ஓதலும் நின்றுவிடும். கைமாறிய பிடியோ அவன் மறைந்த பின்னும் நிலைக்கும். கொடுத்தவன் மீட்க விரும்பினும் யுனிக்ஸில் அதற்குப் பொதுவானதொரு வழி இல்லை. 1974 இல் டேவிட் ரெடெல் தம் ஆய்வேட்டில் இதற்கொரு பரிகாரங் கூறினார்: பொருளையே கொடாது, அதற்கும் பெறுவோனுக்கும் நடுவே காவலன் ஒருவனை நிறுத்திக் கொடுத்தல். வேண்டாதபோது காவலனை விலக்கிவிடலாம்.

குறைத்துக் கொடுத்தல் இன்னொரு வழி. 2010 இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் வெளியிட்ட கப்சிக்கம் என்னும் ஏற்பாட்டில், ஒரு விபரியின் உரிமைகளைச் சுருக்கலாம். சுருக்கியதைப் பின்னர் விரிக்க இயலாது.

கொடைக்குப் பின்னரும் கொடுத்தோனும் கொண்டோனும் முற்றாகப் பிரிவதில்லை என்பது பலர் கவனியாத செய்தி. இருவரிடத்தும் இருப்பது ஒரே திறந்த கோப்பு. வாசிக்கும் இடமும் ஒன்றே. ஒருவன் நூறு எழுத்து வாசித்தால் மற்றவனுடைய இடமும் நூறு எழுத்து நகரும். எனவே பெற்றவன் தனக்குக் கிடைத்ததை முற்றுந் தன்னுடையதென நம்புதல் பேதைமை. பெறுவதிலும் விழிப்பு வேண்டும்: கேளாத பிடிகள் வந்து குவிந்தால் அட்டவணையே நிரம்பிவிடும்.

தமிழ் இலக்கணம் இரத்தற் சொற்களை மூன்றாக வகுக்கின்றது. இழிந்தோன் 'ஈ' என்பான்; ஒப்போன் 'தா' என்பான்; உயர்ந்தோன் 'கொடு' என்பான். தாயிடமிருந்து சேய் பெறுவதை முதலாவதற்கும், 1983 இன் கையளிப்பை இரண்டாவதற்கும் ஒப்பிடலாம். மூன்றாவதற்கு நிகரானது பின்னரே வந்தது. 2020 இல் வெளியான லினக்ஸ் 5.6 பதிப்பில், ஒரு செயன்முறை இன்னொன்றின் விபரியை அதன் ஒத்துழைப்பின்றியே பிரதிசெய்து எடுத்துக்கொள்ளும் முறைமை அழைப்பொன்று சேர்க்கப்பட்டது. பிறிதொன்றின் இயக்கத்தைத் துருவி ஆராயும் அதிகாரம் உடையதற்கே இது கூடும். அவ்வதிகாரம் உடையது வேறு வழியாலும் அதனைப் பெற்றிருக்கக்கூடும் என்பது இதற்குச் சொல்லப்படத்தக்க நியாயம். ஆயினும் 'கொடு' என்பவன் வாய்திறந்து கேட்கவேனுஞ் செய்வான். இவ்வழைப்பிலோ எடுக்கப்பட்டதை உடையோனுக்கு அறிவிக்கும் ஏற்பாடு எதுவும் இல்லை.